மூன்றாவது ஸ்பைடர்மேன்: மூன்று வில்லன்கள் வந்ததுதான் குற்றமா?

ஜூன் 8, ஒரு வாசகரின் கேள்வி

சாம் ரைமி இயக்கிய ஸ்பைடர்மேன் படங்கள் மூன்றையும் ஒரே வாரத்தில் பார்த்து முடித்தேன். முதல் இரண்டும் மனத்தில் நின்றுவிட்டன. மூன்றாவதைப் பாதியில் நிறுத்திவிட்டு மறுநாள்தான் மீதியைப் பார்க்க முடிந்தது. ஒரே படத்தில் மூன்று வில்லன்களைத் திணித்ததால் கெட்டுப்போனது என்கிறார்கள். உண்மையிலேயே அதுதான் காரணமா?

ஜூன் 8, இரவு

அதேதான் காரணம். 2007 மே மாதம் படம் வெளியான முதல் வாரத்திலேயே பார்த்தவன் நான். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் இரண்டாவது படத்தை அண்ணனோடு பார்த்துவிட்டு வெளியே வந்தபோது இருவருக்குமே பேச்சு வரவில்லை. ரயிலை நிறுத்திவிட்டு மயங்கிச் சாயும் பீட்டரை, ஸ்பைடர்மேனின் நிஜப் பெயர் அதுதான், பயணிகள் தலைக்கு மேலே கைமாற்றிக் கைமாற்றி உள்ளே கொண்டுபோய்க் கிடத்துவார்களே, முகமூடி கழன்ற அந்த முகத்தைப் பார்த்து ஒருவர் ‘சின்னப் பையன், என் மகன் வயதுதான் இருக்கும்’ என்பாரே, அதையே நினைத்துக்கொண்டு நடந்தோம்.

அந்த நினைப்போடு மூன்றாவதற்குப் போனவர்களுக்கு என்ன கிடைத்தது? மணலாக மாறும் சாண்ட்மேன், விண்கல்லோடு வந்த கறுப்புப் பிசினில் பிறக்கும் வெனம், தந்தையைக் கொன்றது பீட்டர்தான் என்று நம்பி அவருடைய ஆயுதங்களைக் கையில் எடுக்கும் நண்பன் ஹாரி. 139 நிமிடத்தில் மூன்று பகை. போதாததற்கு ஒரு காதல் முறிவு, ஒரு புதிய பெண், ஒரு வேலைப் போட்டி.

ரைமி சொல்ல நினைத்தது சாண்ட்மேனின் கதை. வெனம் உள்ளே வந்தது தயாரிப்பாளர் ஏவி அராட் வற்புறுத்தியதால். 1960களின் காமிக்ஸ் படித்து வளர்ந்த இயக்குநர் ரைமி. சாண்ட்மேன் 1963-இல் ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் படைத்த பாத்திரம். வெனம் முழு உருவில் வந்தது 1988-இல். நடுவே கால் நூற்றாண்டு இருக்கிறது. தான் காதலிக்காத ஒரு பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஓர் இயக்குநர் எவ்வளவு தூரம் நடப்பார்?

ஜூன் 8, சற்றுப் பிறகு

ஒன்றைச் சேர்க்க மறந்தேன். வசூலில் இந்தப் படம் தோற்கவில்லை. அமெரிக்காவில் முதல் வார இறுதியிலேயே 15 கோடி டாலருக்கு மேல் ஈட்டி அந்நாளைய சாதனையை முறியடித்தது. உலகம் முழுவதும் ஏறக்குறைய 89 கோடி டாலர். ரைமியின் மூன்று படங்களில் அதிகம் ஈட்டியது இதுதான். ஆகவே ‘தோல்விப் படம்’ என்று எழுதாதீர்கள். ஏமாற்றம் என்பது வேறு கணக்கு.

ஜூன் 10

முதலில் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். இரண்டு நாளாக யோசித்துப் பார்த்தேன். எண்ணிக்கை குற்றமாக இருக்க முடியாது. அதற்கு அடுத்த ஆண்டு, 2008-இல், நோலனின் இரண்டாவது பேட்மேன் படம் வந்தது. அதில் ஜோக்கரும் இருக்கிறான், பின்னால் வில்லனாகும் ஹார்வி டென்ட்டும் இருக்கிறான், பின்னணியில் ஒரு மாஃபியா கூட்டமே இருக்கிறது. யாருக்கும் மூச்சு முட்டவில்லை. ஜோக்கர் செய்யும் காரியத்தின் விளைவாகவே டென்ட் இரண்டு முகத்தானாகிறான். ஒருவனைக் கதையிலிருந்து உருவினால் மற்றவனும் சேர்ந்து வந்துவிடுவான்.

ரைமியின் இரண்டாவது படத்திலும் அந்தக் கட்டுமானம் இருக்கிறது. வில்லன் டாக்டர் ஆக்டோபஸுக்கு ட்ரிட்டியம் என்ற எரிபொருள் வேண்டும். அது ஹாரியிடம் இருக்கிறது. ஹாரி அதற்கு விலையாக ஸ்பைடர்மேனைக் கேட்கிறான், பீட்டரைப் பிடித்தால் வழி தெரியும் என்கிறான். அதனால்தான் பீட்டரும் அவன் காதலிக்கும் மேரி ஜேனும் உட்கார்ந்திருக்கும் இடத்துக்குள் கார் பறந்து வருகிறது. ஒரு கண்ணியைத் தொட்டால் சங்கிலி முழுவதும் அசைகிறது.

மூன்றாவது படத்தை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வானத்திலிருந்து விழும் கல் நியூயார்க் பூங்காவில், பீட்டரும் மேரி ஜேனும் வலையில் படுத்து எரிநட்சத்திரம் பார்க்கும் அதே இடத்துக்குப் பக்கத்தில் விழுகிறது. அதிலிருந்து ஊர்ந்து வரும் பிசின் அவனுடைய வண்டியிலேயே ஒட்டிக்கொள்கிறது. போலீசுக்குப் பயந்து ஓடும் மார்கோ, சாண்ட்மேனாகப்போகிறவன், வேலி தாண்டிக் குதிக்கும் இடம் ஒரு ஆய்வுக்குழி; குதிக்கும் நேரம் சோதனை தொடங்கும் நேரம். ஹாரியின் தலையில் அடிபடுகிறது, அவனுக்கு எது மறந்தால் கதைக்கு வசதியோ அது மட்டும் மறக்கிறது. பீட்டர் பிசினைக் கழற்றி எறியும் மணிக்கூண்டுக்கு நேர் கீழே பிறகு வெனமாகப்போகும் எடி பிராக் வந்து உட்கார்ந்திருக்கிறான். பிறகு வெனம் ஒரு சந்தில் சாண்ட்மேனைச் சந்தித்து, வா சேர்ந்து கொல்லலாம் என்கிறான். இத்தனையும் தற்செயல்.

கதையில் ஒரு தற்செயலை நாம் பொறுத்துக்கொள்கிறோம். சிலந்தி கடித்ததே தற்செயல்தானே. ஆனால் அது தொடக்கம். தொடக்கத்தில் விதி விளையாடலாம். அதன்பிறகு மனிதர்கள்தான் விளையாட வேண்டும்.

ஜூன் 10, மாலை

தற்செயல்களைப் பட்டியலிட்ட வேகத்தில் எடி பிராக்கையும் அதில் சேர்த்துவிட்டேன். அந்தக் காட்சியில் எடியாக நடிக்கும் டோஃபர் கிரேஸ் செய்வது நன்றாகவே இருக்கிறது. போலிப் புகைப்படம் கொடுத்து மாட்டிக்கொண்டு வேலையை இழந்தவன் தேவாலயத்துக்கு வருகிறான். அவமானப்பட்டு, தாழ்ந்து உன்முன் நிற்கிறேன், ஒன்றே ஒன்று கேட்கிறேன் என்று கடவுளிடம் ஆரம்பிக்கிறான். மன்னிப்புக் கேட்கப் போகிறான் என்று நாம் நினைக்கும்போது, பீட்டர் பார்க்கரைக் கொன்றுவிடு என்கிறான். இந்த ஒரு வேண்டுதலில் ஒரு முழுப் படத்துக்கான மனிதன் இருக்கிறான். அவனுக்குக் கிடைத்தது கடைசிச் சண்டைக்கு முந்தைய சில நிமிடங்கள்தான். அந்த வகையில் அவன்மேல் எனக்கு இரக்கமே வருகிறது.

ஜூன் 11

‘அந்தப் படத்தில் ஒரு நல்ல காட்சி சொல்லுங்கள் பார்க்கலாம்’ என்று கீழே ஒருவர் கேட்டிருக்கிறார். சொல்கிறேன்.

சோதனை முடிந்த குழியில் மணல் குவிந்து கிடக்கிறது. ஆள் இல்லை. மணலின் ஒரு மூலை சரிகிறது. துகள்கள் ஒன்றையொன்று தேடுவதுபோல் நகர்கின்றன. ஒரு முதுகு எழும்புகிறது, தோள் வருகிறது, தலை வருகிறது, நிற்கப் பார்த்துச் சரிந்துவிடுகிறது. மறுபடி எழுகிறது. இப்போது கொஞ்சம் மனிதச் சாயல். எதிரே தரையில் லாக்கெட் கிடக்கிறது, உள்ளே அவனுடைய மகளின் படம். கையை நீட்டுகிறான். லாக்கெட்டில் விரல் பட்டதும் விரல் உதிர்கிறது. பிடிக்கக் கை இல்லை. எழுந்த உருவம் முழுவதும் மீண்டும் குவியலாகிறது. அவன் தன் முழு மனத்தையும் ஒருமுகப்படுத்தி மறுபடி எழுந்து, விரல்களை இறுக்கி, அதைப் பிடித்துவிடுகிறான்.

ஏறக்குறைய மூன்று நிமிடம். ஒரு சொல் இல்லை. கிறிஸ்டோஃபர் யங்கின் இசை மட்டும். முதல் இரண்டு படங்களுக்கு டேனி எல்ஃப்மன் இசையமைத்தார். அவர் விலகிய பின் வந்தவர் யங். மணல் குவியலுக்கு இவ்வளவு வலி இருக்க முடியும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. படப்பிடிப்பில் நடிகர்களை மணலில் புதைக்கவேண்டிய இடங்களில் நிஜ மணல் ஆபத்து என்பதால் மக்காச்சோளத் தக்கையை அரைத்துப் பயன்படுத்தியிருக்கிறார்கள். கணினியில் துகள் துகளாக மணலை நடிக்கவைத்தவர்கள் சோனி இமேஜ்வொர்க்ஸ் கலைஞர்கள். அவர்களுக்கு நான் இன்றும் கைகூப்புவேன்.

ஏமாற்றம் எங்கிருந்து வருகிறது என்றால் இங்கிருந்துதான். இந்த மூன்று நிமிடத்தை எடுக்கத் தெரிந்தவர்கள் மீதியை ஏன் இப்படி எடுத்தார்கள்? முழுக்க மோசமான படம் என்றால் மறந்துபோயிருப்பேன். பதினேழு ஆண்டு கழித்து இங்கே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

ஜூன் 12

ஆம், பிசின் உடையாக ஒட்டிக் குணம் திரிந்த பீட்டர் ஆடும் அந்த நடனம் எனக்கும் தெரியும். நெற்றியில் முடி விழ பீட்டர் தெருவில் நடந்து வருவதும் தெரியும். அதைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை.

ஜூன் 15

விருப்பமில்லை என்று எழுதினேன். இப்போது எழுத வேண்டியதாகிவிட்டது. நேற்று என் மகளோடு படத்தைத் திரும்பப் பார்த்தேன். பதினொரு வயது. முதல் இரண்டையும் அவள் இன்னும் பார்க்கவில்லை. மூன்றாவதிலிருந்து தொடங்கியது என் பிழை, கைக்கு முதலில் கிடைத்தது அதுதான்.

தெருவில் பீட்டர் இரு கையாலும் சுட்டிக்காட்டிக்கொண்டு நடந்து வந்தபோது அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். 2007-இல் அரங்கில் சிரிப்பு எழுந்தபோது எனக்குக் கோபம் வந்தது. என் பீட்டரைப் பார்த்துச் சிரிக்கிறார்களே என்று நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன். நேற்று அவள் சிரிப்பதைப் பார்த்தபோது புரிந்தது, சிரிக்கத்தான் அது எடுக்கப்பட்டிருக்கிறது. எதிரே வரும் பெண்கள் அவனை விசித்திரமாகத்தான் பார்க்கிறார்கள். தன்னைப் பெரிய ஆணழகன் என்று நினைத்துக்கொண்டால் பீட்டர் மாதிரி ஒரு படிப்பாளிப் பையன் எப்படி நடப்பானோ அப்படியே டோபி மக்வயர் நடக்கிறார். பழைய கருத்தை மாற்றிக்கொள்கிறேன். அந்த நடையில் பிழை இல்லை.

மதுக்கூட நடனம் அப்படியில்லை. அங்கே அவன் குவென் என்ற அந்தப் புதிய பெண்ணை அழைத்து வருவது மேரி ஜேனைப் புண்படுத்துவதற்காகவே. முடிவில் கைகலப்பில் மேரி ஜேனையே அடித்து வீழ்த்துகிறான். நீ யார் என்று அவள் கேட்கிறாள். தெரியாது என்கிறான். என் மகள் அப்போது சிரிக்கவில்லை.

நேற்று இன்னொன்றும் கண்ணில் பட்டது, அதற்காகத்தான் இவ்வளவும் எழுத ஆரம்பித்தேன். நகரம் ஸ்பைடர்மேனைப் பாராட்டிச் சாவி கொடுக்கும் விழாக் காட்சி. பீட்டர் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, கூட்டத்தின் முன்னால், குவென்னை முத்தமிடச் சொல்கிறான். முதல் படத்தில் மழையில் மேரி ஜேனோடு நிகழ்ந்த அதே முத்தம், அதே நிலை. கூட்டத்தில் மேரி ஜேன் நின்று பார்க்கிறாள். அந்த நேரம் அவன் போட்டிருப்பது சிவப்பும் நீலமுமான பழைய உடை. கறுப்புப் பிசின் அவனை இன்னும் தொடவில்லை!

அதற்கும் முன்பே, நாடக விமர்சனத்தைப் படித்து உடைந்துபோய் உட்கார்ந்திருக்கும் மேரி ஜேனிடம் தன்னைப் பற்றியே பேசுகிறான். திருமணம் செய்துகொள்ளப் போகிறேன் என்று சொன்னபோது அவனை வளர்த்த மே பெரியம்மா மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்து, கணவன் என்பவன் மனைவியைத் தனக்கு முன்னால் வைக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். அதை அவன் காதில் வாங்கவே இல்லை.

(பெரியம்மா என்று எழுதுவதைப் பார்த்து ஒருவர் திருத்தியிருந்தார். காமிக்ஸின்படி மேயின் கணவர் பென், பீட்டருடைய தந்தைக்கு மூத்தவர். அப்படியானால் பெரியப்பா, பெரியம்மாதான். ‘அங்கிள்’ என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.)

ஆக, பீட்டரின் ஆணவம் அவனுடையது. புகழ் தலைக்கேறிய ஒரு பையனின் கதை அங்கே தொடங்கியிருந்தது, மிக நேர்த்தியாக. பிறகு பிசின் வந்து அந்தப் பழி முழுவதையும் தன்மேல் போட்டுக்கொண்டது. உடையைக் கிழித்து எறிந்ததும் அவன் தூய்மையாகிவிடுகிறான். ஒருவன் குடித்துவிட்டுச் செய்ததற்கெல்லாம் குடியைக் கைகாட்டுவதுபோல.

ஜூன் 15, இரவு

திருத்தம். பேராசிரியர் கானர்ஸ் பிசினை ஆராய்ந்துவிட்டுப் பீட்டரிடம் பேசும் இடத்தை மறந்துவிட்டேன். ஒட்டிக்கொள்ளும் உயிரிடம் ஏற்கெனவே இருக்கும் குணங்களை, குறிப்பாக மூர்க்கத்தை, அது பெருக்கும் என்கிறார். ஆகவே படத்தை எழுதியவர்களுக்கு இது தெரிந்திருக்கிறது. தெரிந்தும் கடைசிவரை அதன் பின்னால் போகவில்லை என்பது இன்னும் வருத்தமாக இருக்கிறது.

ஜூன் 16

சூப்பர்மேன் மூன்றாவது படத்தைச் சிலர் இழுத்திருக்கிறார்கள், 1983-இல் வந்தது, ரிச்சர்ட் லெஸ்டர் இயக்கியது. நல்ல ஒப்பீடு. அதிலும் மூன்றாம் பாகம், அதிலும் நாயகன் கெட்டுப்போகிறான். சூப்பர்மேனை வலுவிழக்கச் செய்யும் கிரிப்டோனைட்டைச் செயற்கையாகச் செய்யும்போது, தெரியாத ஒரு மூலப்பொருளுக்குப் பதில் தாரைச் சேர்த்துவிடுகிறார்கள். அதனால் சூப்பர்மேன் குணம் திரிகிறான். மதுக்கூடத்தில் உட்கார்ந்து வேர்க்கடலையைச் சுண்டிப் பாட்டில்களை உடைக்கிறான். பைசா கோபுரத்தை நேராக நிமிர்த்திவிடுகிறான். வில்லத்தனத்தைவிடச் சிறுமைத்தனம் அது, அதனால்தான் பார்க்க வலிக்கிறது.

அப்புறம் உடைந்த கார்கள் குவிந்த இடத்தில் அவன் இரண்டாகப் பிரிகிறான். ஒரு பக்கம் தாடி வளர்ந்த, அழுக்கு உடைச் சூப்பர்மேன். மறுபக்கம் கண்ணாடி போட்ட கிளார்க். இருவரும் கிறிஸ்டோஃபர் ரீவ். மோதலின் முடிவில் கிளார்க் தன் கையாலேயே அந்த இன்னொருவனின் கழுத்தை நெரிக்கிறான். மீதிப் படம் ரிச்சர்ட் பிரையரின் நகைச்சுவையும் ஒரு ராட்சதக் கணினியுமாக எங்கோ போகிறது, அதைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அந்தச் சண்டை ஒன்றில் ஒரு நேர்மை இருக்கிறது. தன்னைத் தானே வெல்லவேண்டியிருக்கிறது அவனுக்கு. பீட்டருக்கோ பிசினைக் கழற்ற ஒரு மணியின் ஓசை போதுமாக இருந்தது.

1987-இல் வந்த நான்காவது சூப்பர்மேனைப் பற்றிக் கேட்டவருக்கு: அது பணமில்லாமல் செத்த படம். பாதியாக வெட்டப்பட்ட செலவுத் திட்டம், ஒரே பறக்கும் காட்சியைத் திரும்பத் திரும்ப ஒட்டியிருப்பார்கள், நியூயார்க்கில் நடக்கவேண்டிய ஐ.நா. காட்சியை இங்கிலாந்தின் மில்டன் கீன்ஸில் எடுத்தார்கள். அணு ஆயுத ஒழிப்பு என்ற கருவில் ரீவுக்கும் பங்குண்டு, மனமார நம்பினார். அவர்மேல் எனக்குக் கோபம் வராது. ஸ்பைடர்மேன் மூன்றுக்கு 25 கோடி டாலருக்கு மேல் செலவழித்திருக்கிறார்கள். அதற்குப் பணம் ஒரு சாக்காக முடியாது.

ஜூன் 19

எழுதலாமா வேண்டாமா என்று மூன்று நாள் தள்ளிப்போட்டேன். என் உண்மையான மனத்தாங்கல் இதுதான்.

இரண்டாவது படத்தில் ஒரு மேசை. மே பெரியம்மா உட்கார்ந்திருக்கிறார். பென் பெரியப்பா இறந்த இரவைப் பற்றிப் பேச்சு வருகிறது. அவர் உன்னைக் காரில் கொண்டுபோனதை நான் தடுத்திருக்கலாமே என்று பெரியம்மா பழியைத் தன்மேல் போட்டுக்கொள்ளப் பார்க்கிறார். பீட்டரால் தாங்க முடியவில்லை. சொல்லிவிடுகிறான். நூலகத்துக்குப் போகவில்லை, மல்யுத்தம் செய்து பணம் சம்பாதிக்கப் போனேன், எனக்குக் கொடுக்கவேண்டியதைக் கொடுக்காமல் ஏமாற்றினார்கள், திருடன் என்னை நோக்கி ஓடிவந்தான், நிறுத்தியிருக்க முடியும், நான் விட்டுவிட்டேன், அவன்தான் பெரியப்பாவைக் கொன்றான். அதுவரை அவன் கையைப் பிடித்துக்கொண்டிருந்த பெரியம்மா தன் கையை மெல்ல இழுத்துக்கொள்கிறார். எழுகிறார். ஒன்றும் பேசாமல் மாடிக்குப் போகிறார். பெரியம்மாவாக நடித்த ரோஸ்மேரி ஹாரிஸ் அந்தக் கையை இழுத்துக்கொள்ளும் வேகம் இருக்கிறதே, அவ்வளவு மெல்ல, அதைவிட ஓங்கி அறைந்திருக்கலாம்.

சூப்பர் ஹீரோ படங்களில் இதற்கு இணையான ஒரு காட்சியை நான் பார்த்ததில்லை. எதிரே அரக்கன் இல்லை. உண்மையைச் சொல்லும் துணிச்சல் மட்டும்தான்.

மூன்றாவது படத்தில் போலீஸ் அதிகாரி வந்து, உங்கள் பெரியப்பாவைச் சுட்டது அந்தத் திருடன் இல்லை, பிளின்ட் மார்கோ என்கிறார். ஒரே வாக்கியத்தில் அந்த மேசையை உடைத்துவிட்டார்கள். பீட்டர் விட்டுவிட்ட ஆள் கொலைகாரன் இல்லையென்றால், அவன் இத்தனை ஆண்டு சுமந்தது எதை? பெரியம்மாவிடம் அவன் ஒப்புக்கொண்டது எதை? இந்தத் தொடரின் அடித்தளமே, ஒரு கணம் ஒதுங்கி நின்றதன் விலை என்பதுதான். அதைப் பிடுங்கிக்கொண்டு, உனக்குப் பழிவாங்க ஒருவன் இருக்கிறான் என்று கையில் கொடுத்தார்கள்.

பிசின் வந்து ஆணவத்தின் பழியை வாங்கிக்கொண்டது என்று முன்பே எழுதினேன். மார்கோ வந்து கொலையின் பழியை வாங்கிக்கொண்டான். ஹாரிக்குச் செய்த தீங்கை மறதி வாங்கிக்கொண்டது. எல்லாப் பக்கத்திலும் பீட்டரைச் சுமையிலிருந்து விடுவித்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். சுமை இல்லாத பீட்டர் வெறும் தாவிக்குதிக்கும் பையன். நான் நேசித்தது அந்தச் சுமையோடு தாவியவனை.

ஜூன் 21

அண்ணனிடம் தொலைபேசியில் பேசினேன். இந்தப் பக்கத்தை அவன் படித்துவந்திருக்கிறான். எடுத்த எடுப்பிலேயே, நீ அந்தக் காட்சியைச் சரியாகப் பார்க்கவில்லை என்றான்.

கடைசியில் மார்கோ நடந்ததைச் சொல்கிறானே, அதைக் கவனி என்றான். மார்கோ துப்பாக்கியோடு பென் பெரியப்பாவின் காரருகே நிற்கிறான். பென் பெரியப்பா பயப்படவில்லை. அதைக் கீழே போட்டுவிட்டு வீட்டுக்குப் போ என்பதுபோல் பேசுகிறார். மார்கோ தயங்குகிறான். அந்த நேரம் பணப்பையோடு கூட்டாளி ஓடிவருகிறான், அவன் கை மார்கோவின்மேல் படுகிறது, துப்பாக்கி வெடிக்கிறது.

அந்தக் கூட்டாளி யார் என்று அண்ணன் கேட்டான்.

நான் பேசாமல் இருந்தேன். பீட்டர் ஒதுங்கி வழிவிட்ட அதே திருடன். முதல் படத்தில் மின்தூக்கிக்குள் ஓடிக்கொண்டே பீட்டருக்கு நன்றி சொன்னவன். அவனைப் பீட்டர் பிடித்திருந்தால் பணப்பை கார்வரை வந்திருக்காது, அந்தக் கை மார்கோவைத் தொட்டிருக்காது. பென் பெரியப்பா பேசிக்கொண்டே இருந்திருப்பார், ஒருவேளை மார்கோ வீட்டுக்கே போயிருப்பான்.

ஆகவே ஜூன் 19 அன்று நான் எழுதியதில் பெரும் பிழை இருக்கிறது. பழியை யாரும் துடைக்கவில்லை. அது அப்படியே இருக்கிறது. முன்பைவிடக் கூடியிருக்கிறது என்றுகூடச் சொல்வேன், ஏனென்றால் பீட்டர் வழிவிட்டதில் பென் மட்டுமா போனார்? மார்கோவும்தானே கொலைகாரனானான்.

2007-இல் அரங்கைவிட்டு வெளியே வந்தபோதே அண்ணன் இதைச் சொல்ல வந்தானாம். நான் வெனம் வெனம் என்று கத்திக்கொண்டிருந்ததால் விட்டுவிட்டானாம்.

ஜூன் 22

அந்த இடத்தை மட்டும் எடுத்து ஐந்தாறு முறை ஓட்டிப் பார்த்தேன். அண்ணன் சொன்னது சரி. கை படுகிற காட்சி கண்மூடித் திறப்பதற்குள் போய்விடுகிறது.

மார்கோ சொல்லி முடிக்கிறான். நான் கேட்டு இப்படி ஆகவில்லை, என்னிடம் மிச்சமிருப்பது என் மகள் மட்டும்தான் என்கிறான். பீட்டர், நானும் பயங்கரமான காரியங்கள் செய்திருக்கிறேன் என்கிறான். பிறகு, உன்னை மன்னிக்கிறேன் என்கிறான். மார்கோ மணலாகிக் காற்றோடு போகிறான். மார்கோவாக நடித்த தாமஸ் ஹேடன் சர்ச்சின் கண்கள் அந்த இடத்தில் கலங்கியிருக்கின்றன.

பயங்கரமான காரியங்கள் என்று பீட்டர் எதைச் சொல்கிறான்? கறுப்பு உடையில் செய்ததைத்தான் என்று படம் நம்மை நினைக்கவிடுகிறது. அங்கே ஒரே ஒரு வரி வேண்டியிருந்தது: உன் கூட்டாளியை நான் பிடித்திருக்க முடியும், விட்டுவிட்டேன். அந்த மேசையில் பெரியம்மாவிடம் சொன்ன அதே வரி. இந்தமுறை கேட்பவன் சுட்டவன். அதைச் சொல்லியிருந்தால் மன்னிப்பு இரண்டு பக்கமும் போயிருக்கும். மார்கோ அவனை மன்னிக்கவேண்டிய இடமும் வந்திருக்கும். சாண்ட்மேன் இந்தக் கதைக்குள் ஏன் வந்தான் என்பதற்கு அதைவிடப் பெரிய பதில் இருக்காது.

எல்லாம் தயாராக இருந்திருக்கிறது. திருடனின் கையைப் படம்பிடித்திருக்கிறார்கள், வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். பீட்டரை மட்டும் அதைப் பார்க்கவிடவில்லை. முழுப் படத்தையும் மன்னிக்கிறேன், இதை மன்னிக்க எனக்கு இன்னும் கொஞ்ச நாள் ஆகும்.

படத்தில் வந்த எல்லாப் பாத்திரங்களையும் தான் உண்மையில் நம்பவில்லை என்று ரைமியே பின்னாளில் ஒரு பேட்டியில் ஒப்புக்கொண்டிருக்கிறார். நான்காவது ஸ்பைடர்மேன் படம் திட்டமிடப்பட்டு 2010 ஜனவரியில் கைவிடப்பட்டது. அந்த வரியைச் சொல்ல அவர்களுக்கு இன்னொரு வாய்ப்பு வரவில்லை. 2021-இல் பீட்டரும் சாண்ட்மேனும் மீண்டும் ஒரே படத்தில் வந்தார்கள், அங்கேயும் இந்தப் பேச்சு எழவில்லை.

ஜூன் 24

மூன்றாவது படத்தைப் படத்தொகுப்பாளர் பாப் முராவ்ஸ்கி மறுபடி தொகுத்த வடிவம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2017-இல் வெளியானது, இரண்டு நிமிடம் குறைவு. அதிசயம் எதுவும் எதிர்பார்க்க வேண்டாம். ஒரு மாற்றத்துக்காகப் பாருங்கள். திரையரங்கு வடிவத்தில் ஹாரியின் வீட்டுப் பணியாளர் வந்து, உங்கள் அப்பாவின் காயத்தைச் சுத்தம் செய்தது நான்தான், அவரைக் குத்தியது அவருடைய கிளைடர் என்ற பறக்கும் பலகையின் கத்திதான் என்று சொன்ன பிறகே ஹாரி பீட்டருக்கு உதவப் போகிறான். இத்தனை காலம் ஏன் சொல்லவில்லை என்று அரங்கமே முணுமுணுத்தது. 2017 வடிவத்தில் அந்தப் பேச்சு இல்லை. ஹாரி, தானும் பீட்டரும் மேரி ஜேனும் சேர்ந்து எடுத்த பழைய புகைப்படத்தைப் பார்க்கிறான், போகிறான். உண்மை தெரியாமலேயே நண்பனுக்காகப் போகிறான். தேர்வு அவனுடையதாகிவிடுகிறது. ஒரு காட்சியை எடுத்துவிட்டதால் ஒரு மனிதன் உயர்ந்துவிட்டான்.

ஜூன் 25

இல்லை, பார்க்கவே வேண்டாம் என்று நான் எங்கும் சொல்லவில்லை. மேலே போய்ப் படியுங்கள்.

ஜூன் 29

நேற்று அண்ணன் வீட்டுக்கு வந்திருந்தான். கடைசிக் காட்சியை மூவருமாகப் பார்த்தோம். திருடனின் கை வரும் இடத்தில் அவன் நிறுத்தினான். சற்றுத் தாண்டிவிட்டது, பின்னால் ஓட்டி மறுபடி நிறுத்தினான். திரையில் மங்கலாக ஒரு தோள், ஒரு கை.

“யார் பெரியப்பா இது?” என்று மகள் கேட்டாள்.

பீட்டர் போகவிட்டவன் என்றான் அண்ணன். ஏன் போகவிட்டான் என்றாள். அவனுக்குத் தரவேண்டிய பணத்தைத் தராமல் ஏமாற்றியவனிடமிருந்து இவன் திருடிக்கொண்டு ஓடினான், அதனால் பீட்டர் ஒதுங்கிக்கொண்டான் என்று சொன்னேன். அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, அது பீட்டருக்குத் தெரியுமா என்று கேட்டாள். அண்ணன் என்னைப் பார்த்தான்.

முதல் படத்தைப் போடச் சொன்னாள். போட்டோம்.